5ஜி-ன்னு காட்டுது, மனு மட்டும் போகல!
டயல்-அப் மோடம் சொல்லித் தரும் வேகக் கணக்கு

(உத்திரமேரூரில் இணையவழி சேவைகள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கைபேசியில அரசு சேவைகளைப் பெறுவது எப்படின்னு பேசச் சொல்லியிருக்காங்க. எந்தப் பக்கத்துக்குப் போகணும், எந்தப் பொத்தானை அமுக்கணும்னு உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைவிட நல்லாவே தெரியும். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிச்சிருப்பீங்க, பட்டா நகல் எடுத்திருப்பீங்க, பிள்ளைகளுக்குத் தேர்வு விண்ணப்பம் போட்டிருப்பீங்க. கிராமப்புறக் கூட்டங்களுக்குப் போனா எங்ககிட்ட வர்ற கேள்வியே வேற. "எல்லாம் சரியாத்தான் பண்றேன். கடைசியில 'சமர்ப்பி' கொடுத்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுது. மேல 5ஜி-ன்னுதான் போட்டிருக்கு. ஏன்?"

கடைசி தேதி அன்னைக்கு ராத்திரி இப்படி நடந்தா, அது சாதாரண எரிச்சல் இல்லீங்க. ஒரு வருஷம் போயிடும். அதனால இன்னைக்கு அந்தச் சுத்துற வட்டத்தைப் பத்தி மட்டும் பேசறேன். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, டயல்-அப் மோடம் காலத்துக்குப் போகணும். நான் பள்ளிக்கூடம் போற வயசுக்கு வந்தப்போ அந்த மோடம் வீடுகளை விட்டுக் கிளம்பிக்கிட்டு இருந்தது. அதைக் கட்டி மேய்ச்சவங்ககிட்ட கேட்டும், பழைய கையேடுகளைப் படிச்சும்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் கருத்து என்னன்னா, அவங்களுக்கு இணைப்பு வேகம்னா என்னன்னு நம்மைவிடத் தெளிவாத் தெரியும். ஏன்னா அதை அவங்க கையாலயே அமைக்க வேண்டியிருந்தது.

டயல்-அப் நமக்குத் தெரியாதேன்னு நினைக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வருமே, "உங்கள் இன்றைய டேட்டா அளவு முடிந்தது, இனி வேகம் 64 கே.பி.பி.எஸ்." என்று? பல திட்டங்கள்ல அந்த எண்தான் இருக்கும். அந்த நிமிஷத்துல இருந்து நீங்க 25 வருஷத்துக்கு முந்தைய இணையத்துல இருக்கீங்க.

64-ங்கிற எண் தொலைபேசிக்கும் புதுசு இல்லை. தொலைபேசிக் கம்பி மனுஷக் குரலுக்காகப் போடப்பட்டது. குரல்ல 300-ல் இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலியை மட்டும் அது எடுத்துக்கிட்டுப் போகும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் அந்தக் குரலை ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதும். எட்டாயிரத்தை எட்டால பெருக்குங்க, 64,000 பிட். ஒரு போன் பேச்சுக்கு ஒதுக்கின மொத்த இடமே அவ்வளவுதான். மோடம் என்ன செய்தது? கம்ப்யூட்டர் அனுப்புறதைச் சத்தமா மாத்தி, குரலுக்குப் போட்ட கம்பியிலேயே ஓட்டி, அந்தப் பக்கம் திரும்பவும் கம்ப்யூட்டர் மொழியா மாத்திக் கொடுத்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். தொடங்கியது. முதல்ல கிடைச்ச ஊர்கள்ல சென்னையும் ஒண்ணு. அப்போ டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். அப்புறம் 14.4, 28.8, 33.6-ன்னு ஏறிக்கிட்டே வந்தது. 1998-ல் வி.90 என்ற உலகத் தரம் வந்தப்போ கீழிறக்கம் 56 கிலோபிட் வரைக்கும் போகலாம்னு ஆச்சு. மேலேற்றம் அப்பவும் 33.6-ஐத் தாண்டல. இதை மனசுல வச்சுக்குங்க. அந்த வருஷக் கடைசியிலதான் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைச்சு, பிரௌசிங் சென்டர்கள் ஊர் ஊரா முளைச்சது.

சரி, மோடத்துல வேகத்தை எப்படி அமைச்சாங்க? இங்கதான் விஷயம் இருக்கு. விண்டோஸ் 98-ல் கன்ட்ரோல் பேனல் போய், மோடம்ஸ் திறந்து, பிராப்பர்ட்டீஸ் அமுக்கினா 'அதிகபட்ச வேகம்'னு ஒரு பெட்டி வரும். 1,15,200 வரைக்கும் எண்கள் வரிசையா இருக்கும். வாங்கினது 56 கிலோபிட் மோடம். ஆனா அந்தப் பெட்டியில 1,15,200-ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்வாங்க. 56 எங்கே, 115 எங்கே?

அது ரெண்டும் வேற வேற வேகம். பெட்டியில இருக்கிறது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு அடி வயரோட வேகம். 56-ங்கிறது மோடத்துல இருந்து தொலைபேசிக் கம்பி வழியா அடுத்த மோடம் வரைக்குமான வேகம். உத்திரமேரூர்க்காரங்களுக்கு இதை விளக்கறது ரொம்ப சுலபம். ஏரி மடையை எவ்வளவு வேணா தூக்கி விடுங்க, வாய்க்கால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் தண்ணி வயலுக்குப் போகும். மடை 1,15,200. வாய்க்கால் 56,000, அதுவும் வாய்க்கால் தூர் வாரி இருந்தா. (இந்த ஊர்க் கல்வெட்டுன்னா எல்லாரும் குடவோலையைத்தான் பேசறாங்க. பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள்ல ஏரி வாரியம்னு ஒரு குழுவும் இருக்கு. தண்ணி எங்க அடைச்சுக்குதுன்னு பார்க்கிறதுக்கே தனி ஆளுங்க!)

அப்போ மடையை ஏன் வாய்க்காலைவிடப் பெருசா வைக்கணும்? மோடம் எழுத்துகளைச் சுருக்கி அனுப்பும். வெறும் எழுத்தா இருந்தா பாதிக்கும் கீழே சுருங்கும். அந்தப் பக்கம் விரியும்போது கம்ப்யூட்டருக்குப் போற வயர் அகலமா இருந்தாத்தான் தேங்காது. அதனால அந்த எண் பெருசா இருக்கலாம். ஆனா அது உங்க வேகம் இல்லை.

இதுல நடந்த கூத்து என்னன்னா, பல மோடங்கள் இணைப்பு கிடைச்ச உடனே திரையில "1,15,200 வேகத்தில் இணைக்கப்பட்டது"ன்னு காட்டும். பார்த்தவங்க சந்தோஷப்படுவாங்க. உண்மையில வயரோட வேகத்தைத்தான் அது காட்டுது. கம்பியில 26,000 ஓடிக்கிட்டிருக்கும். விவரம் தெரிஞ்சவங்க, மோடத்துக்கான கூடுதல் கட்டளைப் பெட்டியில 'டபிள்யூ2'-ன்னு தட்டி வைப்பாங்க. பல மோடங்கள் அதுக்கப்புறம் நிஜ வேகத்தைச் சொல்லிடும்.

இப்போ உங்க போன்ல மேல காட்டுற 5ஜி-யை நினைச்சுப் பாருங்க. சில நெட்வொர்க்குகள்ல, அந்த இடத்துல 5ஜி கிடைக்கும்னாலே எழுத்து வந்துடும். அந்த நிமிஷத்துல உங்க டேட்டா 4ஜி வழியாவே போய்க்கிட்டிருக்கலாம். பக்கத்துல இருக்கிற கோடுகள் டவர் சிக்னலோட வலுவைச் சொல்லுது. அதே டவர்ல இன்னும் எத்தனை பேர் வீடியோ பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லாது. அதுவும் ஒரு 1,15,200-தான்.

மோடம் அமைப்புல இன்னொரு சின்ன விஷயம், நம்ம ஊருக்கே உரியது. அமெரிக்காவுல செஞ்ச மோடம் அங்க இருக்கிற டயல் டோனைத்தான் எதிர்பார்க்கும். நம்ம எக்ஸ்சேஞ்ச் டோன் வேற மாதிரி ஒலிக்கும். போன்ல டோன் நல்லாக் கேட்கும், மோடம் மட்டும் "பிழை 680, டயல் டோன் இல்லை"ன்னு அடம் பிடிக்கும். அதுக்கு 'டயல் டோனுக்காகக் காத்திரு'ங்கிற டிக்கை எடுத்து விடணும், இல்லைன்னா 'எக்ஸ்3' கட்டளை கொடுக்கணும். அப்போ அது டோனைத் தேடாம நேரா எண்ணைச் சுழற்றும். புது மோடம் வாங்கினவங்க பலர், மோடம் ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடினது இதுக்காகத்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். எண்ணைச் சுழற்றின உடனே 'கீ... கர்ர்ர்... டிங் டிங்'னு ஒரு சத்தம் வருமே, அது என்னன்னு தெரியுமா? ரெண்டு மோடமும் கம்பியைச் சோதிக்கிற சத்தம். பல ஒலிகளை அனுப்பிப் பார்த்து, எது தெளிவாப் போகுது, எங்க இரைச்சல் இருக்குன்னு அளந்து, "சரி, இன்னைக்கு 44,000-ல் பேசிக்கலாம்"னு ஒப்பந்தம் போட்டுக்கும். அந்த நிமிஷத்துல கம்பி எப்படி இருக்கோ அதை வச்சுத்தான் ஒப்பந்தம். அஞ்சு நிமிஷம் கழிச்சு மழை பிடிச்சு, தெருமுனை இணைப்புப் பெட்டியில ஈரம் இறங்கினா? இரைச்சல் ஏறும். மோடம் பேச்சை நிறுத்திட்டு மறுபடி சோதிக்கும். அந்தச் சில விநாடி எதுவும் போகாது. திரும்பத் திரும்ப அப்படி ஆனா, கடைசியில இணைப்பே அறுந்துடும்.

நகரத்துல எக்ஸ்சேஞ்ச் பக்கத்துத் தெருவுல இருக்கும். கிராமத்துல கம்பி கிலோமீட்டர் கணக்குல ஓடும், நடுவுல எத்தனையோ ஒட்டு. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவுல குரலை ரெண்டு தடவை டிஜிட்டலா மாத்துற கருவி இருந்துட்டா, 56-க்கு வழியே கிடையாது. 33.6-தான் உச்சம். அது மோடத்தோட குறையும் இல்லை, வாங்கினவரோட குறையும் இல்லை.

அப்போ அனுபவசாலிகள் என்ன பண்ணாங்க? வேகத்தைத் தாங்களே குறைச்சுக்கிட்டாங்க! காஞ்சிபுரம் பக்கம் அந்தக் காலத்துல பிரௌசிங் சென்டர் வச்சிருந்த ஒரு அண்ணன் சொன்னார்: "மழை நாள்ல 56-ஐ நம்பமாட்டேம்மா. வி.34-ன்னு பூட்டிடுவேன். 28,800-ல் போகும். ஆனா போகும்." அது 'பிளஸ் எம்.எஸ்.'னு தொடங்கும் ஒரு கட்டளை. இதுக்கு மேல முயற்சி பண்ணாதேன்னு மோடத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1 எம்.பி. கோப்பு ஒண்ணு. 46 கிலோபிட்ல இறக்கினா சுமார் 3 நிமிஷம். 28.8-ல் நாலரை நிமிஷத்துக்கு மேல ஆகும். மேலோட்டமாப் பார்த்தா 46 லாபம். ஆனா ரெண்டரை நிமிஷத்துல அறுந்துட்டா, அந்தக் காலத்து உலாவியில விட்ட இடத்துல இருந்து தொடர முடியாது, முதல்ல இருந்து வரணும். மூணு தடவை அறுந்தா ஏழரை நிமிஷம் போச்சு, கோப்பும் வரல. ஒவ்வொரு தடவை டயல் பண்றதுக்கும் தனியா போன் கட்டணம் வேற. நாலரை நிமிஷம் அறுபடாமப் போனவர் டீ குடிச்சுட்டு வந்திருப்பார்.

அமைப்புப் பெட்டியிலயே இன்னொரு டிக் உண்டு, 'இந்த வேகத்தில் மட்டுமே இணை' என்று. அதைத் தொடவே கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. உச்சவரம்பு வைக்கிறது வேற, ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்குறது வேற. உச்சவரம்புன்னா, கீழே இறங்க வழி இருக்கு. அந்த டிக்கைப் போட்டா அந்த வேகம் கிடைக்கலன்னா இணைப்பே கிடையாது.

குறைஞ்ச வேகத்துல அரசு சேவையே நடந்திருக்கு, அதுவும் நம்ம மாநிலத்துல. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 'கார்டெக்ட்'னு ஒரு கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினது. தாமிரக் கம்பி போடத் தேவையில்லை, வீட்டுச் சுவர்ல ஒரு பெட்டி, கூரையில ஆன்டெனா. போன் பேசிக்கிட்டிருக்கும்போதே 35 கிலோபிட் இணையம், பேசாதப்போ 70. அதை வச்சு 2001 வாக்குல மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல இணைய மையங்கள் திறந்தாங்க. 'சாரி' திட்டம்னு பேரு. பிறப்பு, இறப்புச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு எல்லாம் அங்க இருந்தே மேலூர் தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சல்ல போச்சு. இன்னைக்கு நாம இ-சேவை மையம்னு சொல்றதுக்கு அது ஒரு தாத்தா. பெருமையா இருக்குல்ல? மனு ஒண்ணு எழுத்தா போறதுக்கு 35 கிலோபிட் தாராளம். பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போய், கையெழுத்துப் போடுறவர் லீவுன்னு திரும்பி வர்ற வேகத்தோட ஒப்பிட்டா அது மின்னல்.

அப்போ இன்னைக்கு அதைவிடப் பல மடங்கு வேகம் இருந்தும் ஏன் சுத்துது? முதல் காரணம், நாம அனுப்புற சரக்கு பெருத்துப் போச்சு. போன்ல எடுத்த ஆதார் அட்டை போட்டோ ஒண்ணு 4 எம்.பி. இருக்கும். டேட்டா தீர்ந்து 64 கே.பி.பி.எஸ்.-ல் இருக்கீங்கன்னு வைங்க. எட்டு பிட் ஒரு பைட். அப்போ விநாடிக்கு 8 கே.பி. தான் போகும். 4 எம்.பி. போட்டோவுக்கு 500 விநாடி, அதாவது எட்டு நிமிஷத்துக்கு மேல, அதுவும் ஒரு தடங்கலும் இல்லைன்னா. அதுக்குள்ள இணையதளம் "உங்கள் அமர்வு முடிந்தது"ன்னு வெளியே அனுப்பிடும். அதே ஆவணத்தை 200 கே.பி.க்கு சுருக்கினா 25 விநாடி. ஒவ்வொரு பக்கத்துலயும் கோப்பு எவ்வளவு பெருசா இருக்கலாம்னு போட்டிருப்பாங்க. விண்ணப்பிக்க உட்காரும் முன்னாடியே, முந்தின நாளே, ஆவணங்களை அந்த அளவுக்குச் சுருக்கி ஒரு ஃபோல்டர்ல வச்சிடுங்க. சுருக்கின பிறகு எழுத்து படிக்க முடியுதான்னு பெருசாக்கிப் பாருங்க. இல்லைன்னா மனு போய்ச் சேர்ந்தும் திருப்பி அனுப்பிடுவாங்க.

ரெண்டாவது, மேலேற்றம். மோடத்துல கீழே 56, மேலே 33.6-ன்னு சொன்னேனே, போன்லயும் அப்படித்தான். வீடியோ நல்லா ஓடுதுன்னா அது கீழிறக்கம். மனு போறது மேலேற்றம். அது எப்பவுமே சின்ன வாய்க்கால். டிராய் அமைப்போட 'மைஸ்பீடு' செயலி இலவசம். அதுல சோதிச்சா ரெண்டு எண் வரும். 'அப்லோடு'ன்னு போட்டிருக்கிற எண்ணைப் பாருங்க, பெருசா ஜொலிக்கிற முதல் எண்ணை விடுங்க. வீட்டுக்குள்ள ஒரு தடவை, திண்ணையில ஒரு தடவை, மாடியில ஒரு தடவை சோதிங்க. எந்த இடம் நல்லா வருதோ அதுதான் உங்க வீட்டு இ-சேவை மையம்.

மூணாவதுதான் நம்ம மோடம் அண்ணன் பாடம். 5ஜி சிக்னல் ஓரமா, வந்து வந்து போற இடத்துல இருந்தா, போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சின்ன இடைவெளி. வீடியோல அது தெரியாது, முன்னாடியே கொஞ்சம் இறக்கி வச்சிருக்கும். பணம் கட்டுற பக்கத்துல தெரியும். அப்போ உச்சவரம்பு வைங்க. ஆண்ட்ராய்டு போன்ல அமைப்புகள் போய், மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் பகுதியைத் திறந்தா, 'விருப்பமான நெட்வொர்க் வகை' அல்லது 'நெட்வொர்க் மோடு'ன்னு இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் கொஞ்சம் மாறும். அதுல 5ஜி-யை விட்டுட்டு, 4ஜி-யில் தொடங்கும் தானியங்கி வரியைத் தேர்ந்தெடுங்க. ஐபோன்ல மொபைல் டேட்டாவுக்குள்ள 'வாய்ஸ் & டேட்டா' போய் எல்.டி.இ. வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்திக்குங்க.

ஒரு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. நட்சத்திரம், எண்ணெல்லாம் போட்டு ஒரு ரகசிய மெனுவைத் திறந்து '4ஜி மட்டும்'னு பூட்டச் சொல்ற வீடியோக்கள் ஏகப்பட்டது சுத்துது. அது பழைய 'இந்த வேகத்தில் மட்டுமே இணை' டிக் மாதிரி. உங்க சிம்முல 4ஜி வழியாப் பேசுற வசதி சரியா இல்லைன்னா, அப்படிப் பூட்டினதும் அழைப்பு நின்னுடும், ஓ.டி.பி. குறுஞ்செய்தியும் வராமப் போகலாம். ஓ.டி.பி. வரலன்னா மனு எங்க போகும்? கீழே இறங்க வழி விட்டே அமைங்க.

சில இடத்துல நிலைமை தலைகீழ். 4ஜி டவர்ல கூட்டம், 5ஜி காலியாக் கிடக்கும். அங்க 5ஜி-தான் நல்லது. அதனாலதான் அளந்து பார்க்கச் சொல்றேன். மோடம் காலத்துலயும் யாரும் எண்ணை நம்பி அமைக்கல, கம்பியைப் பார்த்துத்தான் அமைச்சாங்க.

நேரமும் முக்கியம். சாயங்காலம் ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் ஊரே போனைக் கையில எடுக்குது. காலையில ஆறு மணிக்கு அதே டவர், அதே போன், வேற வேகம். நெல்லு வயலுக்குப் போறவங்க எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பீங்க. டேட்டா அளவும் அப்போ புதுசா இருக்கும். அப்லோடு ஆகும்போது அதே போன்ல வாட்ஸ்அப் படம் எல்லாம் தானா இறங்காம நிறுத்தி வைங்க.

பணம் கட்டும்போது அறுந்துட்டா உடனே இன்னொரு தடவை கட்டாதீங்க. முதல்ல வங்கிக் கணக்குல பணம் பிடிச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் அதே இணையதளத்துல விண்ணப்ப எண் போட்டு நிலையைப் பாருங்க. பல நேரம் பணம் சேர்ந்திருக்கும், ரசீது மட்டும் நம்ம கைக்கு வந்திருக்காது. ரசீது நம்ம பக்கம் வர்றதும் அதே வாய்க்கால்தானே.

நம்ம நாட்டுல 'அகன்ற அலைவரிசை'ன்னா என்னங்கிற வரையறையே நகர்ந்துக்கிட்டு வந்திருக்கு. 2004-ல் 256 கிலோபிட். 2013-ல் 512. 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். இப்போ பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியா 1 ஜி.பி.பி.எஸ். கொண்டுபோறதை இலக்கா வச்சு டான்பிநெட் வேலை செய்யுது. ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வர்றது பெரிய மடை. அங்க இருந்து உங்க கையில இருக்கிற போன் வரைக்கும் உள்ள வாய்க்காலை நீங்க இப்போ சொன்ன மாதிரி பார்த்துக்கலாம்.

போன்ல நெட்வொர்க் மோடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாதவங்க, பேச்சு முடிஞ்சதும் முன்னாடி வாங்க. எந்த கம்பெனி போனா இருந்தாலும் சேர்ந்து தேடிப் பார்ப்போம். ஆவணம் சுருக்குறதையும் உங்க போன்லயே செஞ்சு காட்டறேன்.